தெரியாது என்று தலையாட்டினேன்

செவ்வாய், இரவு.

கணினிப் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

அரசுப் பயிற்சி, ஒன்றும் தெரியாதவர்களுக்கு மட்டும்தானாம். வட்டக்கானல் விடுதியில் ரூம் புக்கிங் எல்லாம் போன் ஆப்பில் நான்தான் பார்க்கிறேன். ஆனால் சான்றிதழ் இருந்தால்தான் சம்பளம் கூடும். "போன் பேச மட்டுந்தான் தெரியும் சார்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு அடுத்து நின்றவள் பூம்பாறையில் பூண்டு வயலில் வேலை செய்கிறவள். "ஓடிபி நம்பரை வெரசா சொல்லும்மா" என்று அதிகாரி கேட்டதும் போனை என்னிடம் நீட்டினாள்.

"யக்கா, அது எங்க இருக்கும்?"

திரையின் மேலேயே ஆறு எண்கள் வந்து மறைந்தன. அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தெரியாது என்று தலையாட்டினேன். ஓடிபிக்கான நேரம் முடிந்து, அவள் பதிவு நின்றுபோனது. கடைசி இடம் பின்னால் நின்றவருக்குப் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் தேற்றினாள்.

"விடுங்கக்கா. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா?"