பாசி சுற்றிய பெட்டி

2022 பிப்ரவரி 7

குளிர்காலத்தில் வெள்ளையாய்ப் பூக்கும் ஸ்னோடிராப் கிழங்குகள் அறுபதை இலையோடும் பூவோடும் தோண்டி, பழைய பல்துலக்கியால் வேர்வேராகக் கழுவினேன். துகள் மண் இருந்தாலும் பெல்ஜியத்துக்குள் விடமாட்டார்கள். பிரெக்ஸிட்டுக்கு முன் முப்பது ஆண்டுகள் இந்த இங்கிலாந்து ஷ்ராப்ஷயர் மண்ணோடுதான் போயின; அங்கே ஒருவரும் செத்துவிடவில்லை. வெளிநாட்டில் என் பூவை வாங்கி விற்பவர்களில் மிஞ்சியிருப்பவள் பெல்ஜியத்து மார்லீன் ஒருத்திதான். இருபத்தாறாம் தேதி அவள் ஊர்ப் பூச்சந்தை. இதுவும் தவறினால் இந்தப் பூ வளரும் கீழ்ப்பாத்தியை மூடவேண்டியதுதான்.

பிப்ரவரி 10

செடி ஆய்வாளர் வந்து, பூதக்கண்ணாடியால் பார்த்து ஏற்றுமதிச் சான்றில் கையெழுத்திட்டார். அருகிவரும் இனமென்று இன்னோர் அனுமதி. அதற்கு ஆறு வாரம் காத்திருந்து நேற்றுதான் கிடைத்தது. என் கொல்லையில் களைபோல் பெருகுவது அருகிவருகிறதாம்.

வேலிக்கு அப்பால் பக்கத்துப் பண்ணை செட்ரிக்: "என்ன டாக்டரம்மா, பூவுக்கெல்லாம் பாஸ்போர்ட்டா?"

"நீ ஓட்டுப் போட்டு வாங்கிக்குடுத்ததுதானே."

"நான் மீனவங்களுக்காகப் போட்டேன்."

"நீ பார்த்த மீனெல்லாம் சிப்ஸோட வந்தது, செட்ரிக்."

பிப்ரவரி 14

பெட்டி கிளம்பிற்று.

பிப்ரவரி 17

துறைமுகத்தில் இருக்கிறதாம். எந்தத் துறைமுகம்? சுங்க முகவருக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 21

முகவர் பேசினார். "தாளெல்லாம் சரியா இருக்கு மேடம். உள்ள பாசி இருக்காமே?"

பாசி. ஆய்வாளர் போனபின், வேர் காயாதிருக்க, ஆப்பிள் மரத்தடியின் ஈரப்பாசியைச் சுற்றினேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கை தானாகச் செய்தது. தாளில் பாசி இல்லை.

"அதை மட்டும் எடுத்துட்டு அனுப்பச் சொல்லுங்க."

"எரிச்சுட்டாங்க மேடம்."

எல்லாவற்றையும். தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கிய முட்டாள் — இல்லை, இந்த முட்டாள்தனத்தில் என் பங்கு ஒரு கைப்பிடிப் பாசி. மீதிக்கு ஒரு நாடே ஓட்டுப் போட்டது.

பிப்ரவரி 22

மார்லீனிடம் சொன்னேன். அவள் அழவில்லை, அதனால்தான் அவளோடு இத்தனை வருடம் ஓடிற்று.

"சந்தைல உங்க மேசைய என்ன பண்றது?"

"காலியா விடு. கேக்கிறவங்களுக்கு உண்மையைச் சொல்லு."

மார்ச் 3

மார்லீனின் கடிதம். முன்பு நான் அனுப்பிய கிழங்குகளில் தனக்கென வைத்துக்கொண்டவை அவள் தோட்டத்தில் கொத்துக்கொத்தாகப் பெருகியிருக்கின்றன. நான் உருவாக்கிய வகை என்பதால் இதுவரை அவற்றில் ஒன்றைக்கூடப் பிரித்து விற்றதில்லை. இனி விற்கலாமா என்று கேட்கிறாள். அவளுக்கு முத்திரை வேண்டாம், முகவர் வேண்டாம், நானும் வேண்டாம்.

ஒரு சொல்லில் பதில் எழுதினேன்: விற்றுக்கொள்.

மார்ச் 26

கீழ்ப்பாத்தியில் உருளைக்கிழங்கு. செட்ரிக் உதவ வந்தான்; மண்வெட்டியை நீட்டினேன். நெடுநேரம் வெட்டியபின் நிமிர்ந்து பார்த்தான்.

"பூவெல்லாம் எங்க டாக்டரம்மா?"

"பெல்ஜியத்துல."