பூங்கா மூலையில் இருக்கும் அம்மாவுக்கு

என்னைப் பெத்த அம்மா,

நம்ம மேட்டுக்காட்டை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. துவரையும் கேழ்வரகும் விளைந்த இடமெல்லாம் மாடி வீடுகள். காலையில் பள்ளிக்கூட வேன்கள் வரிசையாக வந்து ஹாரன் அடிக்கின்றன. தருமபுரியில் வேலை பார்க்கிறவர்களும் மொரப்பூரில் ரயில் பிடிக்கிறவர்களும் பிள்ளைகுட்டியோடு குடிவந்துவிட்டார்கள். நல்ல சனங்கள்தான், குறை சொல்ல மனசு வரவில்லை.

"என்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவாதடா. நம்ம காட்டுலயே ஒரு மூலையில போடு. ஆளுங்க பேச்சு காதுல வுழுந்தாப் போதும்" என்று கேட்டாய். அப்படியே வேப்பமரத்தடியில் உன்னை அடக்கம் பண்ணி, மேலே செங்கல்லில் மேடை கட்டினேன்.

மழை ஏமாற்றி, போர்வெல் வற்றி, கடைசியில் காட்டை மனை போட விட்டேன். புரோக்கர் மேடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "சமாதி இருக்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் வூடு கட்ட வரமாட்டாங்க. எடுத்துடுங்க" என்றார். உன் மேல் வீடு வந்துவிடாதபடி அந்த மூலையைப் பூங்காவுக்கு ஒதுக்கச் சொன்னேன். மேடையை நானேதான் கடப்பாரையால் இடித்தேன், வேறு ஆளை விட மனசில்லை. அதை நினைத்தால் இன்னும் கை கூசுகிறது அம்மா.

அதற்கப்புறம் உன் திதிக்கெல்லாம் பூங்கா பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். கற்பூரம்கூட ஏற்றியதில்லை. பிள்ளைகள் உன் மேலேயேதான் ஓடிப்பிடித்து விளையாடும். அந்தச் சத்தம் உனக்குக் கேட்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கேட்டதா?

போன மாதம் ஊஞ்சல் நட அந்த மூலையிலேயே சுண்ணாம்பு போட்டுக் குறித்திருந்தார்கள். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "இங்க தோண்டாதீங்க. பழைய கெணத்தை மூடுன எடம், மண்ணு உள்வாங்கிடும்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். காட்டுக்காரன் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? ஊஞ்சல் எதிர் மூலைக்குப் போனது. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

நேற்று போய்ப் பார்த்தால் உன்னைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு பந்து கயிற்றைத் தாண்டி உருண்டது. எடுக்க ஓடிய சின்னப் பெண்ணை அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க போவாத கண்ணு, உள்ள இழுத்துக்கும்." அந்தப் பிள்ளை நீ இருக்கும் இடத்தைப் பயந்து பயந்து பார்த்தது. பந்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நீ கேட்டது பேச்சுச் சத்தம் மட்டும்தானே அம்மா. அதையும் நானே துரத்திவிட்டேன். மேடையை இடித்த அன்று வராத அழுகை நேற்று வந்தது.

வருகிற அமாவாசைக்குப் பட்டப்பகலில் வருகிறேன். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் உனக்குப் படைத்துக் கற்பூரம் ஏற்றுகிறேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு, கேட்கிறவர்களிடம் "இது கெணறு இல்லைங்க, எங்கம்மா" என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவார்களோ, மாட்டார்களோ. விடாவிட்டால் தினமும் சாயங்காலம் நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். வாய்விட்டே பேசுவேன்.

உன் தலைப்பிள்ளை,
மாதையன்