பெரியவள் வைக்கும் சூப்

டிசம்பர் 2

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தையாவது கடைசி வரை படி. போன இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. உன் கோபத்தில் பாதி அம்மாவுக்கு, பாதி எனக்கு என்பது தெரியும்.

இங்கே குளிர் எலும்பு வரை இறங்குகிறது. என் நூலகத்தில் புத்தகத்தைத் தேடி வருகிறவர்களைவிட ஹீட்டரைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். இதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கிறது, மெல்லக்கூட முடியாது, சூப்பாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தக்காளியில் வைத்தேன், பூசணியில் வைத்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நேற்று வாயைத் திறந்து சொன்னாள்: "பெரியவ வெக்கிற சூப்பக் கொண்டா."

ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் உன் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவளே எடுத்துவிட்டாள். அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பார்லி போட்டு ஒன்று வைப்பாயே, அது எப்படி என்று எழுது. முடிந்தால் நீயே வந்து வை.

உன் குட்டி

*

டிசம்பர் 7

குட்டிக்கு,

எழுதிக்கொள். பார்லி இரண்டு கைப்பிடி, முதல் நாளே ஊறப் போடு. வெங்காயம் மூன்றை வெண்ணெயில் நிதானமாக வதக்கு. உன் வழக்கப்படி அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்காதே. நான்கு பல் பூண்டு. உருளைக்கிழங்கு இரண்டு, கேரட் இரண்டு, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கு. தண்ணீர் விட்டு, பார்லி குழையும் வரை விடு. கடைசியில் உப்பு, இடித்த மிளகு. அவளுக்கு மெல்ல முடியாதென்றால் மசித்துவிடு.

வருவதற்கு இல்லை. எங்கள் தொழிற்சாலையில் வருஷக் கடைசி, யூனிஃபார்ம் ஆர்டர் மலைபோல் குவிந்திருக்கிறது. அதுவல்ல காரணம் என்பது உனக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், என் எட்டு மாதக் குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். இவர் வேலையாய் வெளியூர் போயிருந்தார். வேறு போக்கிடமில்லாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு, கொட்டும் மழையில், அந்தக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டத் தட்ட, திரையை இழுத்து மூடினார்கள். அவள் பார்க்காத மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டதற்கு என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். கைக்குழந்தை என்ன செய்தது?

அம்மா தன் வாயால் ஒரு வார்த்தை கேட்கட்டும். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

அக்கா

*

டிசம்பர் 12

அக்காவுக்கு,

நீ எழுதியபடியே வைத்தேன். புத்தகத்தைத் தொடவே இல்லை. அம்மா இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பெரியவ வெச்சதில்ல" என்றாள். பகலில் வரும் நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

நான்கு வருஷமாக நான்தான் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், துணி மாற்றுகிறேன். என் கையால் செய்த எதையாவது ஒருநாள் கேட்டிருப்பாளா? சரி, விடு. இதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. எதையாவது எழுத மறந்துவிட்டாயா, யோசித்துப் பார்.

குட்டி

*

டிசம்பர் 17

குட்டிம்மா,

மறக்கவில்லை. எனக்கே தெரியாமல் இருந்தது. மூன்று நாளாகப் பொத்தான் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அதே யோசனைதான்.

அந்த வீட்டில் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு அலுமினியப் பாத்திரம், காகிதம் மாதிரி அடி. உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே சூப் வைப்பேன். நீ ஏழாம் வாய்ப்பாட்டில் சிக்கிக்கொண்டு நிற்பாய், அங்கே பார்லி அடிப்பிடித்துவிடும். ஒரு நாள் தவறியதில்லை. அம்மா வந்தால் தோலை உரிப்பாள் என்று மேலாக மொண்டு வைப்பேன். அவள் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பாள். எதைச் செய்தாலும் குறை சொல்கிறவள், அந்தத் தீய்ந்த வாசனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மகளுக்கு வைக்கும்போது கனத்த பாத்திரம், பக்கத்திலேயே நின்று கிளறுகிறேன். உனக்கு எழுதியது அந்தச் சூப்.

கிளறாதே. பார்லியை அடியில் பிடிக்க விடு. மணம் வந்ததும் இறக்கிவிடு.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை 26ஆம் தேதி. அவளிடம் சொல்லாதே. அவள் கேட்காமலே நான் இறங்கி வந்துவிட்டேன் என்று உனக்கும் தோன்ற வேண்டாம். எனக்கே என்னவென்று தெரியவில்லை.

அக்கா

*

ஜனவரி 4

அக்கா,

அம்மாவை எடுத்த அன்றைக்கு நீ வந்தாய், அவள் காலடியில் நின்றாய், யாரிடமும் பேசாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

23ஆம் தேதி சாயங்காலம் உன் சூப்பை வைத்தேன், அடிப்பிடிக்கவிட்டு. அம்மா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். பல மாதத்தில் அதுதான் முதல் தடவை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவளே, எப்ப வந்த?" என்றாள்.

நான் குட்டி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது.

"அன்னைக்குத் தாழ்ப்பாள்ல கைய வெச்சுட்டுத்தான் நின்னேன்டி. திறக்கணும்னுதான் இருந்துச்சு. புள்ளைக்குக் காய்ச்சல்னு நீ கத்தினது கேட்டுச்சு. இருந்தும் திறக்கல. நான் பண்ணது பாவம். என்னை மன்னிச்சிருடி" என்றாள். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. மூச்சு வாங்கியது. "சொல்லு, சொல்லு" என்று என் விரல்களை நெரித்தாள்.

"நான் அதை எப்பவோ மறந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அப்படியே தூங்கிப்போனாள். விடிந்தபோது இல்லை. முகம் நிம்மதியாக இருந்தது, அதை நீயும் பார்த்தாய்.

மூன்று நாள் பொறுத்திருந்தால் நீயே வந்திருப்பாய். அவளுக்கு மூன்று நாள் இருக்காது என்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை அவளுக்காக மட்டும் சொல்லவில்லை, அக்கா. அன்றைக்குத் திரையை இழுத்தது நான். அவள் சொன்னாள், நான் இழுத்தேன். ஒன்பது வருஷமாக அது என்னைத் தின்கிறது. யாராவது "மறந்துட்டேன்" என்று சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

உன் குட்டி

*

ஜனவரி 11

குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் தையல் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பக்கத்து மெஷின்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருஷமாகக் காத்துக்கிடந்தேன். அது வந்தபோது நான் அங்கே இல்லை.

நான் இருந்திருந்தால் உடனே மன்னித்திருக்க மாட்டேன். முதலில் சண்டை போட்டிருப்பேன். ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருப்பேன். அவள் சொல்லியிருப்பாள். இரண்டு பேரும் அழுதிருப்போம். அப்புறம் அவள் கையைப் பிடித்து, "நான் மறக்கலம்மா, இருந்தாலும் வந்துட்டேன்" என்று சொல்லியிருப்பேன். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கவே மாட்டேன். நான் மறக்கவில்லை, குட்டி. என் அம்மா நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக நம்பிப் போய்விட்டாள். என்னைப் பற்றி அவள் கடைசியாகத் தெரிந்துகொண்டது ஒரு பொய்.

அவள் நிம்மதியாகப் போனாள் என்கிறாய். இருக்கட்டும். அதற்காக உன்னைத் திட்ட எனக்கு நா எழவில்லை. அவளை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டது நீ. அதையும் நான் மறக்கவில்லை.

திரையை இழுத்தது நீ என்பதை இன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி கேட்கிறாய். என் குரலில் பேசத்தான் உனக்குத் தெரியுமே. அதையும் நீயே சொல்லிக்கொள்.

பெரியவள்