ஈரச் சாலைக்கு நாலு மார்க்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. வண்டி ஓட்டியது போதுமென்று, புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தடத்திலிருந்து என்னை இறக்கி, டயர் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிய இரும்பு உருளையின்மேல் டயரை அழுத்தி, நாள்கணக்கில் ஓடவிட்டு, எப்போது பிரிகிறது, எப்போது வெடிக்கிறது என்று காவல் காக்கும் வேலை. அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. ஒருவிதத்தில் நல்லதுதான், மேலாளர் திட்டுவதில் பாதிதான் கேட்கிறது.

நேற்று மாப்பிள்ளை போனில் பேசினார். பேத்திக்குக் காய்ச்சலாமே. வாசலில் கார் நிற்க, நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "நான் ஓட்டினா லேட்டாயிடும்" என்றாயாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

வண்டியை ஓட்டிப் பார்த்து மார்க் போடுவதுதானே என் பிழைப்பு. சத்தத்துக்கு இத்தனை, குலுக்கலுக்கு இத்தனை, பிரேக்குக்கு இத்தனை. பத்துக்கு ஏழு போட்டாலே, என்னய்யா இவ்வளவு தாராளம் என்று கேட்பார்கள். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அம்மாவின் சமையலுக்கு ஆறு, உன் பாட்டுக்கு ஐந்து. "உங்க மார்க்கை நீங்களே வச்சுக்குங்க, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைங்க" என்பாள் அவள். நீதான் முகம் வாடிப்போவாய்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த மழை நாள் சாயங்காலம் என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. நீ லைசென்ஸ் வாங்கி மூன்றே மாதம். பின்சீட்டில் அம்மாவை என் மடியில் சாய்த்துக்கொண்டேன், நீ ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாய். பாலத்தருகே லாரி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கில் சக்கரம் இறுகி நின்றுவிடாமல், வண்டி வழுக்காமல் நிறுத்தினாய். நாங்கள் தடத்தில் தண்ணீர் பாய்ச்சி, நூறு தடவை பழகி, அளந்து பார்த்துச் செய்கிற காரியம் அது. நான் என்ன சொன்னேன்? "நாலு மார்க் கூடத் தேறாது. இப்படி ஓட்டினா எப்பப் போய்ச் சேர்றது?" என்றேன். பாவி நான்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று காலை நீ கல்லூரிக்குப் போனதுமே அம்மா நெஞ்சு வலிக்கிறது என்றாள். வாய்வாக இருக்கும், படுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னவன் நான். அவள் கண்ணை மூடியபிறகு டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். வழியில் கால் மணி நேரம் முன்னே பின்னே ஆனதால் எதுவும் மாறியிருக்காது என்றும் சொன்னார். வெளியே வந்தால், நீ நனைந்தபடி நின்று, "நான் மெதுவா ஓட்டிட்டேனாப்பா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. பழி உன்மேல் இருந்தவரை என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

லேட்டாக்கியது நீ இல்லை தாயே, நான்தான். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் எனக்கு அது வேண்டியதுதான். கோபத்தையெல்லாம் என்மேல் காட்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மட்டும் இனி நடக்காதே அம்மா. சாவியை எடு. நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா