உன் ரத்தத்தில் என் பதில்

மார்ச் 4

அடியே உம்மணாமூஞ்சி,

இந்த முறையும் "அக்கா என்று எழுதக் கூடாதா" என்று கேட்டிருக்கிறாய். இரட்டைப் பிள்ளைகளில் சற்று முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டால் பெரிய மனுஷியா? இந்த ஜென்மத்தில் கிடையாது.

அப்பாவுக்குக் கையோடு இப்போது காலும் ஆடுகிறது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்று தெரிந்ததும் டாக்டர் என் பாஷையிலேயே சொன்னார்: "டி.என்.ஏ.ங்கறது நாலே நாலு எழுத்துல எழுதின புத்தகம்மா. மூணு மூணு எழுத்து ஒரு சொல். அதைப் படிச்சுதான் உடம்பு தனக்கு வேண்டியதைச் செஞ்சுக்குது. உங்க அப்பாகிட்ட ஒரே சொல் அளவுக்கு மேல திரும்பத் திரும்ப வந்திருக்கு. பிள்ளைங்களுக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி." இந்தப் பிழையைத் திருத்த வழியில்லையாம்.

எங்கள் அச்சகத்து மெஷின்காரர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். எனக்கும் இருக்கிறதா என்று தெரியாமல் எப்படிச் சரி என்பது? பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன்.

வாயாடி

மார்ச் 15

அன்புள்ள வாயாடி,

என்ன காரியம் செய்தாய்! நாம் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். உன்னுள் இருக்கும் எழுத்தெல்லாம் என்னுள்ளும் அப்படியே இருக்கிறது. உனக்கு வரும் முடிவுதான் எனக்கும். எனக்கு இருந்தால் என் குட்டிக்கும் வந்திருக்கலாம். இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். அவள் தடுக்கி விழும்போதெல்லாம் நான் என்னவென்று நினைப்பேன்?

எனக்குத் தெரிய வேண்டாம், சொல்லாதே. ஆனால் நீ கல்யாணம் செய்துகொண்டாலும் எனக்குத் தெரிந்துவிடும், மாட்டேன் என்றாலும் தெரிந்துவிடும். என்னைக் கேட்காமல் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டாயே. கோபம் கோபமாக வருகிறது.

உம்மணாமூஞ்சி

ஏப்ரல் 2

என் அன்பு அக்காவுக்கு,

முடிவை நான் வாங்கவே இல்லை, கவலைப்படாதே. மெஷின்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அப்பாவை விட்டு நகர முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். இன்று அவர் தம்ளரைத் தட்டிவிட்டு, "நல்லவேளை, உங்க ரெண்டு பேருக்கும் உங்க அம்மாவோட கை" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு அக்கா. குட்டியை நிறையத் தூக்கி வைத்துக்கொள். நான் சண்டை போட்டதையெல்லாம் மனதில் வைக்காதே, அக்கா.

உன் தங்கை

ஏப்ரல் 11

வாயாடி,

உனக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்! இப்போது ஒரே கடிதத்தில் இத்தனை அக்கா. முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போனேன்.

மெஷின்காரரிடம் உண்மையைச் சொல். வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும், அவருக்காக நீ சொல்லாதே. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

சனிக்கிழமை வந்துவிடுவோம். கதவைத் திறந்ததும் பழையபடி என்னைத் திட்டு. தயவுசெய்து அக்கா என்று மட்டும் கூப்பிடாதே.

உம்மணாமூஞ்சி