தேன் தடவிய எழுத்தும் தட்டில் பரப்பிய அரிசியும்

ஓர்லிகோன், சூரிச்
கார்த்திகை மாதம்

அன்பு மகள் வேணுகாவுக்கு,

நடந்தது எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் போன வருடமே சொல்லியிருந்தேன் என்பதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்காதே, கேட்டிருக்க வேண்டியவர்கள் அப்போது காது கொடுக்கவில்லை. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் தொடங்கியதும் தன் பாட்டைத் தொடங்கிவிட்டது, எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த வயதில் இப்படி ஒரு இருதயத்தைத் தான் சுவிசில் கண்டதில்லை என்று டாக்டரே எழுந்து நின்று சொன்னார். மெல்பேர்னில் உன் உடம்பும் மனமும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அம்மா வட்ஸ்அப்பில் "எல்லாம் நல்லபடி முடிஞ்சுது" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாராம், நீ விபரம் கேட்டு எனக்கு டெலிபோன் எடுத்தாய். ஆளறிந்துதான் எடுத்திருக்கிறாய். குரல் பதிவில் சொன்னால் இடையில் வேகமாக ஓடவிடுவாய் என்று தெரியும், அதனால் பேனையை எடுத்தேன், கடிதத்தை ஓடவிட முடியாது.

முன்கதை உனக்குத் தெரிந்ததுதான், என்றாலும் அப்பா சொன்னதை ஒரு காதாலும் தம்பி சொன்னதை மறு காதாலும் கேட்டவள் நீ, நடுவிலிருந்து பார்த்தவன் நான் மட்டும்தான். உன் தம்பி நிருசன் தமாரைக் கட்டும்போதே தான் யூதப் பெண், தங்களில் தாய் வழிதான் பிள்ளைக்கு, பிறக்கிற பிள்ளை தங்களுடைய சமயத்தில்தான் வளரும் என்று தமார் ஒளிக்காமல் சொன்னாள், உன் அப்பாவும் "வளரட்டும், மனுசராய் வளர்ந்தால் சரி" என்று பெரிய மனதோடு சொன்னார். சிக்கல் வந்தது போன விஜயதசமிக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவர் என்ற முறையில் உன் அப்பா வருடா வருடம் ஊரார் பிள்ளைகளை மடியில் இருத்தி, அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்குகிறவர். நிருசனின் மகள், உன் மருமகள் ஷிராவுக்கென்று புதிதாக ஒரு வெண்கலத் தட்டு வாங்கி வைத்திருந்தார். தமார் என்ன சொன்னாள் என்றால், அரிசியில் எழுதலாம், தமிழும் படிக்கலாம், ஆனால் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்து கும்பிட்டு எழுத எங்கள் சமயத்தில் இடமில்லை, வீட்டில் வைத்து எழுதுவோமா என்று கேட்டாள். உன் தம்பிக்குத் தமிழில் நீளமான வசனம் வராது. அவன் அந்த முழுப் பேச்சையும் சுருக்கி "அவள் வரமாட்டாளாம்" என்று இரண்டு சொல்லில் கொண்டுபோய்க் கொடுத்தான். தட்டு அலுமாரிக்கு மேலே போனது, உன் அப்பா அதோடு உன் தம்பி வீட்டுப் படி மிதிக்கவில்லை. இந்த வருடம் ஷிரா முதலாம் வகுப்புக்குப் போனாள், யூதர்களின் சமய வகுப்பு புதன் பின்னேரம், நம்முடைய தமிழ்ப் பள்ளிக்கூடமும் புதன் பின்னேரம், கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் ட்ராமில் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி "ரத்தினம், எத்தினை பிள்ளையளின்ர விரல் பிடிச்சிருப்பன். என்ர பேத்தியின்ர விரலைப் பிடிக்கக் குடுத்துவைக்கேல்லை" என்று உன் அப்பா சொன்னார். அண்ணையின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை பிள்ளை. இதை நான்தான் சரிப்படுத்த வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஷிராவின் சமய வகுப்பு ஆசிரியை பிராவ் ப்ளொக் எனக்கு டெலிபோன் எடுத்தார். நான் அப்போது என்னுடைய கட்டடத்தின் கொதிகலனைத் திருத்திக்கொண்டிருந்தேன், நான் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட்டாக இருப்பதால்தான் அந்தத் தெருவே குளிரில் விறைக்காமல் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அந்த அம்மா என்னுடைய ஜேர்மனைக் கேட்டுவிட்டு எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார், வாழ்க்கை என்று சொன்னேன். அவர் சொன்னது இதுதான். இலையுதிர்கால விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைத் தேன் தடவிக் கொடுப்பார்கள், படிப்பு வாயில் இனிக்க வேண்டும் என்று. குடும்பம் முழுவதும் வந்து கூட இருக்க வேண்டும், பிள்ளையின் படிப்பு ஆசிரியையின் வேலை மட்டும் இல்லையாம், வீட்டுக்காரரும் சேர்ந்து படிக்க வேண்டுமாம். அதோடு முக்கியமாக, தகப்பனைப் பெற்ற அப்பப்பா வந்து பிள்ளையின் விரலைப் பிடிக்க வேண்டும், அது அவர்களின் பழைய வழக்கம், அவர் பிடிக்காவிட்டால் எழுத்து பிள்ளையிடம் நிற்காது என்றார். கொதிகலனை அப்படியே விட்டுவிட்டு உன் அப்பாவிடம் ஓடினேன். அவர் பேப்பரை இறக்கி "என்னையோ? என்னைத்தான் கேட்டவையோ?" என்றார். "உங்களைத்தான் அண்ணை, பேரோட கேட்டவ. நீங்கள் வராட்டில் மற்றப் பிள்ளையளுக்கு முன்னால எங்கட பிள்ளை விரலை நீட்டிக்கொண்டு தனிய நிக்கும்" என்றேன். அன்று பின்னேரமே உன் அப்பா அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரை வைத்து ஏறியிருந்ததை நான் கண்டேன்.

உன் அம்மா பயத்தம் பணியாரம் சுட ஆயத்தமானார். நம் வீட்டில் சமைத்ததை அவர்களின் மண்டபத்துக்குக் கொண்டுபோக முடியாது, சமையலறைக்கும் பாத்திரத்துக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன என்று தமார் தயங்கித் தயங்கிச் சொன்னாள், மாமி கோபிப்பார் என்று அவளுக்குப் பயம். உன் அம்மா என்ன சொன்னார் தெரியுமா, "இதுக்கேன் பிள்ளை முழுசுறாய், என்ர மாமி கண்ட வீட்டுத் தண்ணியும் வாயில வைக்கமாட்டா, எனக்கு ஆசாரம் தெரியாதோ" என்றார். அவிக்காத அரிசியும் வெட்டாத மாம்பழமும் பரவாயில்லை என்று முடிவானது. சின்னதாக ஒரு சரஸ்வதி படத்தைப் பைக்குள் வைப்போமா என்று உன் அம்மா கேட்டதற்கு "வேண்டாம், அவ அரிசிக்குள்ள இருப்பா" என்று உன் அப்பா சொன்னார். எனக்கே அது உடனே தோன்றியிருக்கும், அவர் முந்திக்கொண்டார்.

அந்த ஞாயிறு மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். உன் அம்மா முப்பது என்பார், அவர் குட்டையானபடியால் பின்வரிசை தெரிந்திருக்காது. வாசலில் காவலுக்கு நின்ற பொடியன் பையைத் திறந்து பார்த்து இது என்ன என்றான், அரிசி என்றேன், சமைக்கவா என்றான், எழுத என்றேன். அவன் என்னையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டான். உள்ளே ஆம்பிளைகளுக்கெல்லாம் தலையில் வைக்கச் சின்ன வட்டத் தொப்பி கொடுத்தார்கள், கிளிப்பும் கொடுத்தார்கள், என் தலையில் கிளிப்புக்கு என்ன வேலை, நான் கழுத்தை அசைக்காமல் நடந்ததைப் பார்த்துப் யாரோ பெரிய வெளிநாட்டு ரபீனர், அவர்களின் சமயகுரு, என்று இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். உன் அப்பா வேட்டியும் திருநீறும் தொப்பியுமாக நேரே பிராவ் ப்ளொக்கிடம் போய், "நான் அப்பப்பா, விரல் பிடிக்க வந்திருக்கிறன்" என்று தன் ஜேர்மனில் சொன்னார். அந்த அம்மா தமாரைப் பார்த்தார், தமார் என்னைப் பார்த்தாள், நான் மேலே ஒரு மின்குமிழ் விட்டு விட்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தொழில் பழக்கம். பிறகு பிராவ் ப்ளொக் உன் அப்பாவின் கையைப் பிடித்து, ஓம், உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்.

முதல் எழுத்துக்குப் பெயர் அலெஃப், இரண்டாவதற்குப் பெத். உன் அப்பா என் காதுக்குள் "முதலெழுத்தே அலுப்பாமடா" என்றார். பின்னால் இருந்து உன் அம்மா "பெத்துப்போட்டு அலுத்துப்போன ஆரோ ஒருத்திதான் பேர் வைச்சிருக்கிறாள்" என்றார். என்ன சிரிப்பு என்று தமார் கேட்டாள், நிருசன் மொழிபெயர்த்தான், இந்தமுறை சுருக்காமல் முழுவதும் சொன்னான், அவள் சிரித்த சிரிப்பில் பிராவ் ப்ளொக் வந்து தனக்கும் சொல்லச் சொன்னார். எழுத்து அட்டையில் தேன் துளி விட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள், மற்றப் பிள்ளைகள் நாக்கு நுனியால் தொட்டார்கள், நம்முடையவள் அலெஃப்பை முழுவதும் நக்கி முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் எழுத்தைப் பார்த்தாள். பிறகு பிராவ் ப்ளொக் இந்த இரண்டு எழுத்தையும் வைத்தே ஒரு சொல் எழுதலாம் என்று பலகையில் அலெஃப், பெத், அலெஃப் என்று எழுதி, வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து "அபா" என்று வாசித்தார். அப்படியென்றால் தகப்பன். உன் அப்பா நிமிர்ந்து இருந்தார். இது நம்முடைய சொல்தான், நாம்தான் அவர்களுக்குக் கொடுத்தோம் என்று நான் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினேன், அவர் மறுக்கவில்லை.

அப்போது யாரும் கேட்காமல் தமார் எழுந்துபோய் அந்த வெண்கலத் தட்டை எடுத்து வந்து நிலத்தில் வைத்து, அரிசியைத் தன் கையாலேயே பரப்பி, "மாமா, வாங்கோ" என்றாள். உன் அப்பா ஷிராவை மடியில் வைத்து, தேன் பிசுபிசுத்த அந்த விரலைப் பிடித்து அ, ப், பா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். எழுதி முடிந்ததும் வாசி அம்மா என்றார். பிள்ளைக்கு அன்று காலையில் படித்தது நல்ல ஞாபகம், வாசிப்பது என்றால் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும். விரலைக் கொண்டுபோய் அந்தக் கடைசியில் வைத்து "பா... ப்... அ..." என்று யோசித்துவிட்டு, "பாப்பா" என்று உரத்த குரலில் வாசித்தாள்.

உன் அப்பா சிரிக்கத் தொடங்கினார் பார், தொப்பி அரிசிக்குள் விழுந்தது. "ஓமம்மா, அந்தப் பக்கத்தால வந்தால் பாப்பாதான், அப்பப்பாவுக்கு இவ்வளவு நாளும் தெரியேல்லை" என்றார். நிருசன் ஒரு வருடமாகத் தகப்பனோடு முகம் பார்த்துக் கதைக்காதவன், தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றான். உன் அப்பா தலையை நிமிர்த்தாமலே "டேய், இஞ்ச வா. அப்பாவும் நீதான், பாப்பாவும் நீதான், ஏன் அங்க நிக்கிறாய், இதில இரு" என்றார். அவன் வந்து நிலத்தில் இருந்தான். உன் அம்மா மாம்பழப் பையைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் அழவில்லை, அரிசித் தூசி. அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளும் தட்டைச் சுற்றி வந்துவிட்டார்கள், ஒவ்வொருவரின் விரலையும் உன் அப்பா பிடிக்க, அவர்களுடைய எழுத்தும் நம்முடைய எழுத்தும் கலந்து மண்டபம் முழுவதும் அரிசி, கடைசியில் தும்புத்தடி எடுத்துக் கூட்டியது யார் என்று நீயே ஊகித்துக்கொள்.

இனிச் சின்னச் செய்திகள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் சின்ன வகுப்பை வியாழன் பின்னேரத்துக்கு மாற்றியாயிற்று, தலைவர் பேசினார், பேச்சு நான் எழுதிக் கொடுத்தது. புதன்கிழமைகளில் ஷிராவைச் சமய வகுப்புக்கு ட்ராமில் கூட்டிப்போவது இப்போது உன் அப்பா, வகுப்பு முடியும்வரை அங்கே பெற்றோருக்குப் போட்டிருக்கும் மேசையில் இருந்து மற்றத் தாத்தாமாரோடு தர்க்கம் பண்ணுகிறார், வீட்டுப்பாடத்தில் குடும்பமும் சேர வேண்டும் என்பதால் அலெஃப்பிலிருந்து ஐந்தாறு எழுத்துத் தெரியும் என்று எனக்கே வகுப்பெடுக்கிறார். வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது தமார் வீட்டில் மெழுகுதிரி கொளுத்துவார்கள், உன் அம்மா நம் வீட்டு விளக்கை ஏற்றிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் ஓடுகிறார், "வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்துற வீடு எனக்குப் பிற வீடில்லை" என்கிறார். நீ இனி இரண்டு பக்கமும் செய்தி காவத் தேவையில்லை மகள், உனக்கு டெலிபோன் எடுப்பது குறைந்தால் கவலைப்படாதே, இங்கே ஒருவரோடு ஒருவர் கதைத்து முடியவில்லை.

அந்த நாட்டு வெயிலில் தொப்பி போடு, உனக்குக் கிளிப் நிற்கும். வேலை வேலை என்று நின்றபடி சாப்பிடாதே. வருகிற இலையுதிர்காலத்துக்கு லீவைச் சொல்லி வை, நீயும் வந்து அந்த மண்டபத்தில் எங்களோடு இருக்க வேண்டும். எந்தக் கடவுள் எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் உன் பெயர் நல்லபடியாகவே விழட்டும் என்று வாழ்த்துகிறேன்.

ஒரேயொரு எச்சரிக்கை, இந்தக் கடிதத்தை உன் அப்பாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டாதே. தேன் உண்மை, குடும்பத்தை வரச்சொன்னதும் உண்மை, அதைத் தமார்தான் எனக்குச் சொன்னாள். பிராவ் ப்ளொக் எனக்கு டெலிபோன் எடுக்கவே இல்லை. அப்பப்பா விரல் பிடிக்க வேண்டும் என்ற வழக்கம் அவர்களிடம் கிடையாது, அது நான் ட்ராமை விட்டு இறங்க முதல் உண்டாக்கியது. ஆனால் அடுத்த வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாத்தாமார் வந்து விரல் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மா இப்போதே அறிவித்துவிட்டார், ஆகவே இன்னும் கொஞ்ச நாளில் நான் பொய் சொன்னவன் என்று யாராலும் சொல்ல முடியாது.

உன் பெயர் சொல்லிப் பெருமைப்படும்
சித்தப்பா
கனகரத்தினம்