இனி அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ இருபது பேசிவிடுகிறாய், கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அட்டையில் வரிவரியாக ஓட்டை வெட்டித் தாளின்மேல் வைத்து, தடித்த கறுப்புப் பேனாவால் எழுதுகிறேன், எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். அடுத்த மாதம் வந்து எங்களை முதியோர் விடுதியில் சேர்க்கப் போவதாகச் சொன்னாயே, அதற்கு என் பதில்தான் இது.

போன லீவில் நீ வந்தபோது நான் கால்மிதியில் தடுக்கி விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் சாரத்தின்மேல் நின்று அடுக்குமாடிகளுக்குப் பெயின்ட் அடித்தவன், கடைசியில் ஒரு கால்மிதியில் விழுந்தேனே என்று எனக்கே வெட்கம், அதனால் நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். நீயும் நல்ல மனதோடுதான் செய்தாய். அப்பா இடித்துக்கொள்ளக் கூடாது என்று கூடத்திலிருந்த மேஜை, அலமாரி, மர நாற்காலி எல்லாவற்றையும் ஒரு பக்கச் சுவரோரம் தள்ளினாய், ஜன்னலருகே ஒரு மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டு, "இதுலயே உக்காருங்கப்பா, எல்லாம் அம்மா கொண்டுவந்து தருவாங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். என் கண்ணில் நடுப்பகுதிதான் இருட்டு, ஓரத்தில் கொஞ்சம் தெரியும், மிச்சத்தை நான் கையால் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலை விட்டு எழுந்தால் அலமாரிக் கதவு, இரண்டு எட்டில் நாற்காலி முதுகு, அப்புறம் மேஜை முனை, அதைத் தாண்டினால் குளியலறை. அதுதான் என் பாதை. அதைத்தான் நீ சுவரோரம் தள்ளிவிட்டாய். மறுநாள் கூடத்து நடுவில் நின்று கையை நீட்டினால் ஒன்றும் அகப்படவில்லை. எட்டாவது மாடி உயரத்தில் வராத பயம் என் வீட்டுத் தரையில் வந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தவன் ஐந்து மாதம் எழவில்லை.

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள், எனக்குத் தொடை கரைந்தது. டீக்கடைக்காரர் நான் ஊரிலேயே இல்லை என்று நினைத்துவிட்டாராம். ஒரு நாள் அந்த நாற்காலியிலிருந்து எழும்போதே மடங்கி விழுந்தேன், தடுக்க ஒரு துரும்புகூட இல்லாத தரையில். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கள தள்ளிவிட்டது கண்ணு இல்ல, வேலையே குடுக்காத இந்தக் காலுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நடை பழக்குவதற்கு முன்னால் அவள், விழுந்தால் எழுவது எப்படி என்றுதான் சொல்லித் தந்தாள். அடிபட்டிருக்கிறதா என்று பார், ஒருக்களித்துப் படு, முழங்கையை ஊன்று, மண்டி போடு, எட்டுகிறதைப் பிடித்து எழு. பத்து நாள் பாய் விரித்துப் பழகினேன், "இந்த வயசுல இது என்ன கூத்து" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு எதிர்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு மேஜை நாற்காலிகளைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போடச் சொன்னேன். நம் மாடிப்படி பதினாலும் ஒரே சாம்பல் நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியாது, அதனால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நானே உட்கார்ந்து மஞ்சள் பெயின்ட் அடித்தேன். மேலிருந்து அடித்துக்கொண்டே இறங்கியதில் கீழே வந்த பிறகுதான் உறைத்தது, காயும்வரை நான் மேலே ஏற முடியாது, உன் அம்மா இறங்க முடியாது. மூன்று மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷப் பெயின்டருக்கு இதுகூடவா தெரியாது என்று அவள் இன்னும் சந்தேகமாகக் கேட்கிறாள், நான் டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறேன். உன் மெத்தை நாற்காலியில் இப்போது துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலை டீக்கடையிலிருந்து திரும்பும்போது யாரோ சாய்த்து வைத்த சைக்கிளில் கால் மாட்டி விழுந்தேன். ஆமாம், மறுபடியும் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. தூக்க ஓடி வந்தவர்களைக் கை காட்டி நிறுத்தினேன். ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்க்க, ஒருக்களித்து, மண்டி போட்டு, நானே எழுந்தேன். சைக்கிள்காரனை நன்றாகத் திட்டிவிட்டுப் படியேறினேன். "அவளுக்கு எழுதாதீங்க, பயந்துடுவா" என்றாள் உன் அம்மா. மறைத்தால் நானும் பயந்தவன் ஆகிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். யானைக்கும் அடி சறுக்கும், நான் இனியும் விழுவேன். விழாமல் இருப்பது மட்டுமே ஒரு பிழைப்பா அம்மா? விடுதிக்காரர்களிடம் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிடு.

நீ என்னைப் பற்றிப் படுகிற கவலையெல்லாம் பாசம்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த மனசுக்கு நீ குறைவில்லாமல் நன்றாக இருப்பாய். வரும்போது எனக்கு ஒன்பதாம் நம்பரில் செருப்பு வாங்கி வா, மறக்காதே. போன தடவை மாதிரி வீட்டுக்குள் போடுகிற பஞ்சுச் செருப்பு வேண்டாம், தெருவில் நடக்கிற செருப்பு.

இப்படிக்கு,
நாளைக்கும் படியிறங்கப் போகிற
உன் அப்பா